விசேஷம் உண்டா?

நமது நாட்டில் ஒரு பெண்ணுக்குக் கலியாணமாகி மூன்று மாதம் ஆகிவிட்டால் போதும். ஊரார் அனைவருக்கும் அவளிடம் கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு. "விசேஷம் ஏதாவது உண்டா?" என்பதே அது. அத்தை கேட்கிறாள், பெரியம்மா கேட்கிறாள், பால்காரி கேட்கிறாள், கோவிலில் பிராகாரம் சுற்றும்போது முன்பின் பார்த்திராத பாட்டி ஒருத்தி கூடக் கேட்டுவிடுகிறாள். ஒரு வருஷம் சென்றும் விசேஷம் இல்லையென்றால் அரச மரத்தைச் சுற்றச் சொல்கிறார்கள். முதல் குழந்தை பெண்ணாய்ப் பிறந்தால், "அடுத்ததைப் பையனாகப் பெற்றுவிடு" என்கிறார்கள், ஏதோ கடையில் பொறுக்கி எடுக்கிற கத்தரிக்காயைப் போல! இரண்டுக்கு மேல் பெற்றால், "இத்தனை எதற்கு?" என்கிறார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில், "ஆபரேஷன் செய்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியும் பல சமயங்களில் அவளுடைய புருஷனையோ மாமியாரையோ பார்த்துத்தான் கேட்கப்படுகிறது.

இவ்வளவு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு கேள்வி மாத்திரம் விட்டுப் போய்விடுகிறது. "அம்மா! உன் விருப்பம் என்ன? உன் மனம் எப்படி இருக்கிறது?" என்பதுதான் அந்தக் கேள்வி. தாயைத் தெய்வம் என்று சொல்வதில் நாம் உலகத்தில் எவருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். ஆனால் தெய்வத்திடம் வரம் கேட்பதுண்டே தவிர, அபிப்பிராயம் கேட்பது வழக்கமில்லை அல்லவா? அதனால்தானோ என்னவோ தாயிடமும் நாம் கேட்பதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியும், அதைக் கேட்பதற்கென்றே புறப்பட்டிருக்கும் சில கிராமத்துப் பெண்களையும் வாலிபர்களையும் பற்றியும் இந்த வாரம் சிறிது எழுத விரும்புகிறோம்.

மூன்று உரிமைகள்

1994-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் கறுப்பு இனப் பெண்மணிகள் பன்னிரண்டு பேர் ஒன்றுகூடினார்கள். கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ள உரிமை உண்டா இல்லையா என்பதைப் பற்றி அந்த நாட்டில் நெடுங்காலமாகப் பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு பெண்களும், "இந்த வாதத்தில் எங்கள் கதை பாதிதான் இருக்கிறது" என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களுடைய இனத்துப் பெண்கள் பட்ட துன்பங்களுள் முக்கியமானது, பெற்றுக்கொள்ள விரும்பிய குழந்தையைப் பெற முடியாமற் போனது. பின்னாளில் உரிமைப் போரில் பெரும் புகழ் பெற்ற ஃபானி லூ ஹேமர் என்னும் அம்மையார், 1961-ல் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளச் சென்றார். அவருடைய சம்மதமில்லாமலே கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே சிக்காகோவில் கூடிய பெண்கள் தங்கள் கொள்கைக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். தமிழில் அதை "மகப்பேற்று நீதி" என்று சொல்லலாம். அதில் மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன. வேண்டாதபோது குழந்தை பெறாமலிருக்கும் உரிமை ஒன்று. வேண்டியபோது பெற்றுக்கொள்ளும் உரிமை இரண்டாவது. பெற்ற குழந்தையை அச்சமும் பசியும் இல்லாத இடத்தில் வளர்க்கும் உரிமை மூன்றாவது. "சட்டப் புத்தகத்தில் உரிமை எழுதியிருந்தால் மட்டும் போதாது, வண்டிச் சத்தத்துக்குக் காசும், போய்ச் சேர ஓர் ஆஸ்பத்திரியும், ஆதரவாகப் பேச நாலு பேரும் இல்லாதவளுக்கு அந்த உரிமையால் என்ன பிரயோஜனம்?" என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இதென்ன, சீமைச் சரக்கு நமக்கு எதற்கு என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். பெயர்தான் சீமைப் பெயரே தவிர, விஷயம் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதுதான்.

கணக்குக்கு வந்த உடம்புகள்

நெருக்கடி நிலைமை அமுலில் இருந்த 1976-77-ஆம் வருஷத்தில், இந்தியாவில் எண்பத்திரண்டு லட்சம் பேருக்கு மேல் கர்ப்பத் தடை ஆபரேஷன் செய்யப்பட்டது. அவர்களில் சுமார் அறுபத்திரண்டு லட்சம் பேர் ஆண்கள். உபாத்தியாயர்களுக்கும் சர்க்கார் சிப்பந்திகளுக்கும், "இத்தனை பேரைக் கொண்டுவா" என்று கணக்கு விதிக்கப்பட்டது. ஆண்கள் வெகுண்டார்கள், 1977-ல் நடந்த தேர்தலில் சர்க்காரே கவிழ்ந்தது. அதன் பிறகு எந்தக் கட்சியும் ஆண்பிள்ளையின் கிட்டே கத்தியை எடுத்துச் செல்லத் துணியவில்லை. பாரம் முழுவதும் பெண்களின் தலையில் இறங்கியது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, விவாகமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்ட குடும்பங்களோ நூற்றுக்கு 0.3 தான். இத்தனைக்கும் ஆண்களுக்குச் செய்யும் ஆபரேஷன் பெண்களுக்குச் செய்வதைவிட எளிது, ஆபத்தும் குறைவு. வீரத்தில் சிறந்த ஆண் வர்க்கத்தினர் இந்தப் புள்ளி விவரத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்!

2014-ஆம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, சத்தீஸ்கர் ராஜ்யத்தில் பிலாஸ்பூர் அருகே ஓர் ஆபரேஷன் முகாம் நடந்தது. உபயோகமின்றிக் கிடந்த ஒரு கட்டிடத்தில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்த ஜில்லாவில் அப்போது நடந்த முகாம்களிலிருந்து வீடு திரும்பிய பெண்களில் 13 பேருக்குக் குறையாமல் மாண்டு போனார்கள். கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற அந்தத் தாய்மார்களின் கதை தேசத்தையே உலுக்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று வருஷத்துக்குள் அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்றும், பெண்ணுக்கு அவளுடைய தாய்மொழியில் எல்லாவற்றையும் விளக்கிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

உடம்பைப் பற்றிய தீர்மானம் பிறர் கையில் இருந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மனோநிலையைப் பற்றித் தனியே சில வார்த்தைகள் சொல்லத்தான் வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு

பிள்ளை பெற்ற வீட்டில் சந்தோஷம் பொங்க வேண்டும் என்பது சம்பிரதாயம். பெற்றவள் காரணமின்றி அழுதுகொண்டிருந்தால், "பச்சை உடம்புக்காரி, காற்றுப் பட்டிருக்கும்" என்று மந்திரிக்கிறார்கள். குழந்தையின் முகத்தைப் பாராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், "கொழுப்பு" என்கிறார்கள். பிரசவமான முதல் சில நாட்களில் மனம் தளும்புவது பல பெண்களுக்கு இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், அது வியாதி. மற்ற வியாதிகளைப் போலவே அதற்கும் சிகிச்சை உண்டு.

இந்தியாவில் நடந்த 38 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2017-ல் கணக்கிட்டபோது, பிரசவித்த தாய்மார்களில் நூற்றுக்குச் சுமார் 22 பேருக்கு இந்த மனச் சோர்வு காணப்பட்டது. ஐந்து தாய்மார்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். 2002-ல் வெளியான கோவா ஆராய்ச்சி ஒன்று, வறுமை, புருஷனின் அடி உதை, ஆண் குழந்தைக்கு ஏங்கிய வீட்டில் பெண் குழந்தை பிறந்தது ஆகியவற்றை இந்தச் சோர்வோடு சம்பந்தப்படுத்திக் காட்டியது. இவற்றில் எதற்குமே மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கைச் சொல்லவே நமக்குக் கை கூசுகிறது. 2016-ல் உலகத்தில் தற்கொலையால் மாண்ட பெண்களில் நூற்றுக்கு 36.6 பேர் இந்தியப் பெண்கள். அவர்களுள் விவாகமான இளம் பெண்களே மிகுதி. கலியாணம் பெண்ணுக்குக் காப்பு என்று நம்பி வந்த சமூகம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மனம் பேதலித்தவள் என்று பெயர் வந்துவிட்டால், அவள் உடம்பு இன்னும் மலிந்து போகிறது. சிக்காகோவில் அந்தப் பெண்கள் கூடிய அதே 1994-ல், புனாவில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில், ஷிரூர் விடுதியிலிருந்த மூளை வளர்ச்சி குன்றிய பெண்களின் கர்ப்பப்பையை அகற்றினார்கள். "மாத விலக்குக் காலத்தில் சுத்தமாக இருக்கத் தெரியாது" என்பது அதற்குச் சொன்ன காரணம். மாதர் சங்கங்கள் பெரும் கிளர்ச்சி செய்ததன் பேரில்தான் அது நின்றது. பதினைந்து வருஷம் கழித்து, 2009-ல், சண்டிகரில் சர்க்கார் விடுதி ஒன்றில் கெடுக்கப்பட்டுக் கர்ப்பமான ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அறிவு வளர்ச்சி குறைந்தவள் என்று சொல்லிக் கர்ப்பத்தைக் கலைக்க அதிகாரிகள் விரும்பினார்கள். அவளோ குழந்தையைப் பெற விரும்பினாள். அவளுடைய சம்மதமின்றிக் கலைக்கக் கூடாது என்றும், பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் சுதந்திரத்தைச் சேர்ந்த விஷயம் என்றும் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் சென்றிருக்கிறது. மனோவியாதிக்குச் சிகிச்சை என்ற பெயரில் எவருக்கும் கர்ப்பத் தடை ஆபரேஷன் செய்வதையும், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அது அறவே தடுத்துவிட்டது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும் விதித்தது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பகுதி 2009-லிருந்து நடந்து வருகிறது. பிள்ளையைப் பிரித்து வைத்தால்தான் தாய் தேறுவாள் என்ற பழைய எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு.

திண்ணையில் நடந்த வைத்தியம்

சட்டம் டில்லியில் இருக்கிறது. நிம்ஹான்ஸ் பெங்களூரில் இருக்கிறது. நமது தாய்மார்களோ லட்சக்கணக்கான கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மனோவைத்தியர்களைத் தேடிப் போவதென்றால் நூறு வருஷம் ஆகும். இந்த இடத்தில்தான், படிப்பாளிகள் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு வழி பிறந்திருக்கிறது.

ஜார்க்கண்ட், ஒடிஸ்ஸா ராஜ்யங்களில் ஆதிவாசிகள் மிகுந்த மூன்று ஜில்லாக்களில், "ஏக்ஜுட்" என்ற சங்கத்தார் 2005 முதல் 2008 வரையில் ஒரு சோதனை நடத்தினார்கள். மொத்தம் 244 பெண்கள் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி மாதம் ஒரு கூட்டம் நடத்துவாள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் வரும் கஷ்டங்களைப் படங்களைக் காட்டியும், கதை சொல்லியும், நாடகம் ஆடியும் பேசுவார்கள். எதை முதலில் தீர்க்க வேண்டும் என்று பெண்களே முடிவு செய்வார்கள். பிறகு ஊரைக் கூட்டித் தங்கள் யோசனையைச் சொல்வார்கள். இவ்வளவுதான் வைத்தியம். பலன் என்ன? குழு இல்லாத ஊர்களை நோக்க, பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் தொகை மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 32 பங்கு குறைந்தது. அதோடு வேறொன்றும் நடந்தது. மூன்றாவது வருஷத்தில், தாய்மார்களிடையே நடுத்தர அளவிலான மனச் சோர்வு நூற்றுக்கு 57 பங்கு குறைந்துவிட்டது! சோர்வுக்கென்று ஒரு மருந்தும் கொடுக்கப்படவில்லை. மாதம் ஒரு முறை தனக்குச் சமமான பெண்களோடு உட்கார்ந்து, தன் வாயால் தன் கஷ்டத்தைச் சொல்லி, "இதற்கு நாம் ஏதாவது செய்யலாம்" என்று எழுந்து போனதே மருந்தாயிற்று என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

நமது பக்கத்து நாடான பாகிஸ்தானிலும் இத்தகைய அனுபவம் உண்டு. ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் உள்ள சுகாதார ஊழியப் பெண்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது, அவர்கள் பேசி வந்த தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் சோர்வு நீடித்தது. வெறுமே வீட்டுக்கு வந்து போன இடங்களில் 53 பேருக்கு. 2008-ல் வெளியான இந்த முடிவு வைத்திய உலகில் பெரிய வியப்பை உண்டாக்கிற்று.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு என்பதில் நாம் பெருமைப்படலாம். செங்கற்பட்டுப் பகுதியில் 1981-ல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து கிராமப் பெண்களுக்காக ஒரு சமூகக் கல்வி நிலையத்தை ஏற்படுத்தினார்கள். "ரூசெக்" என்று அதைச் சுருக்கி அழைப்பார்கள். அந்தப் பதின்மூவரில் பன்னிரண்டு பேர் சுற்றுக் கிராமங்களின் தலித் பெண்கள். மற்றொருவர் பொது ஜன சுகாதாரத் துறையில் அறிஞராக விளங்கும் டி. கே. சுந்தரி ரவீந்திரன். பெண்ணின் தேகத்தைப் பற்றி எளிய தமிழில் சிறு புத்தகங்கள் வெளியிட்டார்கள். பின்னர் ஒரு வைத்திய நிலையமும் நடத்தினார்கள். பெண்களிடம் மாத்திரம் பேசி நிறுத்திக்கொள்ளாமல், வாலிபர்களையும் புருஷர்களையும் கூட்டிவைத்துப் பேசினார்கள். நோய்க்குப் பாதிக் காரணம் வேறொருவனிடம் இருக்கும்போது, அவனை விட்டுவிட்டு வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை அல்லவா?

வாலிபர்களின் வேலை

2014-ல் இந்திய சர்க்கார், பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையிலுள்ளவர்களின் நலத்துக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். மகப்பேறு பற்றிய அறிவையும் மனநலத்தையும் அதில் ஒரே பட்டியலில் சேர்த்திருப்பது மெச்சத் தக்கது. ஊருக்கு இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும் தோழர்களாகப் பொறுக்கப்பட்டு, தங்கள் வயதினருக்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. "சாத்தியா" என்று அவர்களுக்குப் பெயர். துணைவர் என்று பொருள்.

இந்தத் துணைவர்களின் வேலை இலேசானதன்று. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் சிநேகிதிக்கு இரகசியமாக நிச்சயதார்த்தம் நடக்கப் போகிறது என்று அறிந்தால் என்ன செய்வாள்? மாத விலக்கு நின்றுவிட்டதென்று ஒருத்தி வந்து அழுதால் எங்கே அழைத்துப் போவாள்? "இரவெல்லாம் தூக்கமில்லை, உயிரோடிருந்து என்ன?" என்று நண்பன் சொன்னால் ஒரு பையன் என்ன பதில் சொல்வான்? பிறருடைய துக்கத்தைச் சுமக்கிறவர்களுக்கும் இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கி வேண்டும். பயிற்சியும், அருகிலேயே ஒரு நர்ஸம்மாளும், செலவுக்குக் காசும் கொடாமல், "தொண்டு செய்யுங்கள்" என்று இளைஞர்களை அனுப்பிவிட்டால், நாளடைவில் அவர்களே நோயாளிகளாகிவிடுவார்கள். தொண்டுக்குப் புகழ்மாலை சூட்டுவதில் தாராளமாயிருக்கிற நாம், தொண்டருக்குச் சம்பளம் என்றவுடன் கையை இழுத்துக்கொள்வது நியாயமன்று.

"இந்த மாதிரி விஷயங்களைச் சின்னஞ் சிறுசுகள் பேசலாமா? காலம் கெட்டுப் போகாதா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். 1929-ல் சாரதா சட்டம் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. பதினாலு வயதுக்குட்பட்ட பெண்ணுக்குக் கலியாணம் கூடாது என்றதற்கே, "வீட்டு விஷயத்தில் சர்க்கார் தலையிடுவதா? தர்மம் என்னாவது?" என்று நாடெங்கும் கூச்சல் கிளம்பியது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி போன்றவர்கள் அந்தக் கூச்சலுக்கு அஞ்சியிருந்தால் இன்று நமது பெண்கள் காலேஜ் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அறியாமை ஒரு நாளும் கற்புக்கு வேலியாக நின்றதில்லை. தெரிந்துகொண்ட பெண் "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறாள். தெரியாதவளுக்கு அந்த வார்த்தை வாயில் வருவதற்குள் காரியம் மிஞ்சிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

இதையெல்லாம் ஜார்க்கண்டிலும் செங்கற்பட்டிலும் உள்ளவர்கள் செய்யட்டும் என்று படித்த குடும்பத்தார் பத்திரிகையை மடித்து வைத்துவிடக் கூடாது. நம் வீட்டிலேயே செய்வதற்குக் காரியங்கள் இருக்கின்றன.

விசேஷம் உண்டா என்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடலாம். எப்போது, எத்தனை என்பது தம்பதிகளின் பேச்சு. அதிலும் சுமப்பவளின் பேச்சே கடைசிப் பேச்சாக இருக்கட்டும். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவாகிவிட்டால், ஆபரேஷன் மேஜைக்கு யார் போவது என்பதைப் பற்றிப் புருஷன் சிறிது யோசிக்கட்டும். பிரசவித்த பெண்ணின் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மந்திரிப்பவரிடம் போவதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போகலாம். தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிட வேண்டும் என்று அவள் சொன்னால், அவளைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து சர்க்கார் நடத்தி வரும் "டெலி-மானஸ்" என்ற டெலிபோன் உதவிக்கு 14416 என்பது நம்பர். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும் கூப்பிடலாம். சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வைக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அந்த விட்டுப் போன கேள்வியைக் கேட்க வேண்டும். மகளிடம், மருமகளிடம், பிள்ளை பெற்று இருபது வருஷமாகியும் எவரும் கேளாத நமது மனைவியிடம். கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். "எனக்கென்ன, நன்றாய்த்தான் இருக்கிறேன்" என்று முதலில் சொல்வாள். பல தலைமுறையாகப் பழகிய பதில் அது. உடனே எழுந்து போய்விடாமல் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், இரண்டாவது பதில் வரும்.